சந்தனம் பூசிய டெஸ்ட் லேம்ப்

கார் ஸ்டீரியோ வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் என்னைப் பார்க்க வந்தால், எந்த மாதத்தில் வேலை நிறைய வரும் என்று கட்டாயம் கேட்பார்கள். மழைக்காலம் என்று சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். நான் ஆயுத பூஜை என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமே இல்லை. மழைத் தண்ணீர் பாவம், வண்டிக்கு வெளியே விழுந்து வழிந்து போய்விடும். ஆயுத பூஜைத் தண்ணீரை நம் ஆட்கள் நாலு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே பீய்ச்சி அடிப்பார்கள். வருஷம் முழுக்க வண்டியைத் துடைக்கக்கூட மனம் வராதவருக்கும் அன்றைக்கு மட்டும் ஒரு மூலை விடாமல் கழுவியாக வேண்டும். சீட்டைக் கழற்றுவார்கள், கார்ப்பெட்டை உருவுவார்கள், நாம் இழுத்து ஒளித்து வைத்த ஒயரையெல்லாம் தோரணம் மாதிரி வெளியே தொங்கவிடுவார்கள். திருவாமாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஊஃபர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சத்தம் வரவில்லை என்றார். பெட்டியைச் சாய்த்தேன். ஓட்டை வழியாகத் தண்ணீர் என் காலில் கொட்டியது. சாமிக்கு வைக்கிற வண்டியைச் சுத்தமாகக் கழுவ வேண்டாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

நான் விழுப்புரத்தில் வேலை கற்றுக்கொண்டு, திண்டிவனத்தில் பாண்டி ரோட்டில் சொந்தக் கடை போட்டவன். கேசட் போய், சி.டி. போய், இன்றைக்கு நீங்கள் மாட்டுகிற ஆண்ட்ராய்டு திரை வரைக்கும் எல்லாம் இந்தக் கையால் மாட்டிப் பார்த்துவிட்டேன். கண் ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்ததும் கடையை மச்சான் மகனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். எந்தக் கலர் ஒயர் எங்கே போகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது உங்கள் போனிலேயே கிடைக்கிறது. பக்கத்தில் ஒருவர் உயிர் போகிற அவசரத்தில் நிற்கும்போது நம் புத்தி எங்கே போகும் என்பது எந்தப் போனிலும் கிடைக்காது. அதைத்தான் சொல்லப்போகிறேன். இதுவும் ஆயுத பூஜை அன்று நடந்ததுதான்.

அன்று கடையில் வேலை கிடையாது. காலையிலேயே என் மனைவி கஸ்தூரி கடையைக் கழுவி, கோலம் போட்டு, டூல்ஸ் முழுவதையும் ஒரு பலகையில் வரிசையாக அடுக்கியிருந்தாள். கட்டிங் பிளேயர், ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் செட், மல்டிமீட்டர், டெஸ்ட் லேம்ப் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொட்டு வைக்கும் விஷயத்தில் அவளுக்குக் கஞ்சத்தனமே தெரியாது. சந்தனத்தை அப்பிவிட்டுத்தான் நகருவாள். சூடம் காட்டி முடித்தால், மறுநாள் மறுபூஜை போடும் வரை பலகையில் இருக்கிற ஆயுதத்தை யாரும் தொடக்கூடாது. இது எங்கள் கடையில் மட்டும் இல்லை, எங்கள் ரோட்டில் இருக்கும் லேத் பட்டறை முதல் தையல் கடை வரை இதுதான் முறை. வருஷம் முழுக்க நமக்கு உழைக்கிற பொருளுக்கு ஒரே ஒரு நாள் ஓய்வு. நானும் அதை ஒரு தடவைகூட மீறியதில்லை.

சூடம் அணைந்து நாங்கள் ஷட்டரைப் பாதி இறக்கியபோது, ஒரு வெள்ளைக் காரை மூன்று பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் விபூதிப் பட்டை போட்டு, பூசணிக்காய் உடைத்த சிவப்பு இன்னும் டயரில் இருந்தது. தள்ளியவர்களில் ஒருவர் டிரைவர் சேகர். கோட்டக்குப்பத்தில் டாக்ஸி ஓட்டுபவர், எனக்குப் பழக்கம்தான். இன்னொருவர் யாரோ வழிப்போக்கர், தள்ளிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது ஆள்தான் சவாரி. சலவைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. தோளில் ஒரு சின்னப் பை. அந்தப் பையை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால்தான் இவ்வளவு தூரம் காரைத் தள்ளியிருக்கிறார்.

சேகர் மூச்சு வாங்கிக்கொண்டே விவரம் சொன்னார். இவர் பேர் பஷீர் பாய். வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் என்று லீவில் வந்தவர், லீவை நீட்டி நீட்டி, கடைசியில் விசா முடிகிற நாளுக்கு வந்துவிட்டார். இன்று சாயங்காலம் சென்னையில் ஃபிளைட். நாளைக்குள் அந்த ஊரில் இறங்கவில்லை என்றால் விசா செத்துப்போகும். திரும்பவும் ஏஜென்ட், திரும்பவும் கடன், திரும்பவும் காத்திருப்பு. வேறு ஆள் அந்த வேலைக்கு வந்துவிட்டால் அதுவும் இல்லை. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

கோட்டக்குப்பத்திலிருந்து நன்றாகத்தான் வந்திருக்கிறது வண்டி. கிளியனூர் தாண்டியதும் ஸ்டீரியோவுக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. திண்டிவனத்தை நெருங்கும்போது புகை. அடுத்த நிமிஷம் இன்ஜின் நின்றுவிட்டது. சேகர் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார், இன்ஜின் ஃபியூஸ் போயிருந்தது. கையில் இருந்த வேறொரு ஃபியூஸைப் போட்டுச் சாவியைத் திருப்பியதும் அதுவும் எரிந்தது. ஸ்டீரியோதான் காரணம் என்று அதைப் பிடுங்கிப் பின் சீட்டில் எறிந்துவிட்டு, இன்னொன்று போட்டார். அதுவும் எரிந்துவிட்டது.

நான் வண்டியைத் தொடவில்லை. முதலில் விழுப்புரத்துக்குப் போன் போட்டேன். மணி என்று எனக்கு ஒரு கூட்டாளி, டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவன். பக்கத்தில் வேறு வண்டி கேட்டு அலைவதில் பயனில்லை, அன்று எல்லா வண்டியும் மாலை போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நிற்கும். பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. மணி பூஜை போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும், முடித்துவிட்டு உடனே கிளம்புவதாகச் சொன்னான். தம்பிகளே, இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாம் சரிசெய்துவிடுவோம் என்கிற நம்பிக்கை நமக்கு இருக்கலாம். அடுத்தவர் பிழைப்பை அந்த நம்பிக்கையில் அடகு வைக்க நமக்கு உரிமை இல்லை. மாற்று வழியைக் கிளப்பிவிட்டுவிட்டு அப்புறம் பானெட்டைத் திறங்கள்.

நான் போனை வைப்பதற்குள் சேகர் எங்கிருந்தோ ஒரு துண்டுச் செம்புக் கம்பியோடு வந்துவிட்டார்.

“அண்ணே, ஃபியூஸுக்குப் பதிலா இத சொருவிடலாமா? நின்னா பேஜாருண்ணே.”

பஷீர் பாயும் பக்கத்தில் வந்து நின்றார். ஏர்போர்ட் வரைக்கும் தாங்கினால் போதும், அப்புறம் வண்டி என்ன ஆனாலும் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் குரலைக் கேட்டால் யாருக்கும் மனசு இளகிவிடும். எனக்கும் இளகியது. அந்தக் கம்பியைச் சொருகினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகியிருக்கும், அதில் சந்தேகமே இல்லை.

“பாய், ஃபியூஸ் எரியுதுன்னா அது அதோட வேலைய செஞ்சிக்கினு இருக்குதுன்னு அர்த்தம். அது வாய கட்டிட்டா அடுத்து ஒயரு எரியும். அப்பறம் வண்டி எரியும். அப்ப நீங்க உள்ள உக்காந்துக்கினு இருப்பீங்க.”

சேகர் கையிலிருந்து கம்பியைப் பாயே வாங்கி ரோட்டோரம் போட்டார். அந்த நிமிஷத்திலேயே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

சரி, வேலையை ஆரம்பிக்க வேண்டும். எதை வைத்து? டூல்ஸ் எல்லாம் பலகையில் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. நான் பலகையைப் பார்த்தேன், கஸ்தூரியைப் பார்த்தேன். அவளும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பார்ப்பதைக் கவனித்த பஷீர் பாய்தான் முதலில் பேசினார்.

“பூஜைல வெச்சத எடுக்க வேணாம்ணே. வேற கடை எதுனா தொறந்திருக்கும். எனக்காவ இத நீங்க செய்யக்கூடாது.”

விசா போகிற நேரத்தில் எங்கள் சாமிக்காக யோசிக்கிறார் இந்த மனிதர். கஸ்தூரி பலகைக்கு முன்னால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, விழுந்து கும்பிட்டாள். எழுந்து, டெஸ்ட் லேம்பையும் கட்டிங் பிளேயரையும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க ஜல்தியா வேலைய பாருங்க.”

டெஸ்ட் லேம்ப் என்பது ஒரு பல்ப், ஒரு பக்கம் ஊசி, மறு பக்கம் ஒயரில் ஒரு முதலைக் கிளிப், அவ்வளவுதான். கிளிப்பை வண்டி உடம்பில் கடிக்கவிட்டு ஊசியால் ஒயரைத் தொட்டால், கரண்ட் இருந்தால் எரியும். மல்டிமீட்டர் ஆயிரம் இருந்தாலும் அவசரத்துக்கு எனக்கு இதுதான். மீட்டர் பொய் சொல்லும், பல்ப் பொய் சொல்லாது என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வேன். ஊசி முனையிலிருந்த சந்தனத்தை வேட்டியில் துடைத்துவிட்டுக் கிளிப்பை மாட்டினேன். எரிந்த ஃபியூஸ் இருந்த இடத்தில், கரண்ட் வந்தே ஆக வேண்டிய முனையைத் தொட்டேன்.

பல்ப் எரியவில்லை. பக்கத்து முனையைத் தொட்டேன். எரியவில்லை. ஃபியூஸ் பெட்டி முழுக்க ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். எங்கேயும் உயிர் இல்லை.

அதற்கு ஒரே அர்த்தம்தான். பேட்டரியிலிருந்து வரும் மெயின் லைனே போயிருக்கிறது. அந்த வண்டிக்கு அதை மாற்ற வேண்டும் என்றால் கம்பெனியிலிருந்துதான் பாகம் வரவேண்டும். அன்றைக்கோ லீவு நாள். இந்த நேரம் பார்த்து மணியிடமிருந்து போன். விக்கிரவாண்டி கிட்ட வண்டிகள் எறும்பு மாதிரி நிற்கின்றன, நகரவே இல்லை, எப்போது வந்து சேருவேன் என்று சொல்ல முடியவில்லை என்றான். நான் பானெட்டுக்குள் தலையை வைத்தபடியே நின்றேன். நிமிர்ந்தால் பாய் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில், உள்ளே உட்கார்ந்திருந்த சேகர் தளர்ந்துபோய் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்திருக்கிறார். ஹாரன் அலறியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹாரன் எப்படி அடிக்கும்? மெயின் லைன் செத்துப்போன வண்டியில் ஹாரன் எப்படி அடிக்கும்? ஹாரனுக்கும் அதே லைனிலிருந்துதானே கரண்ட் வருகிறது? இன்னொரு தடவை அடிக்கச் சொன்னேன். நன்றாகவே அடித்தது. அப்படியென்றால் வண்டியில் கரண்ட் இருக்கிறது. என் கையில் இருக்கிற பல்ப்தான் இல்லை என்கிறது. டெஸ்ட் லேம்ப் ஊசியை நேராகப் பேட்டரி முனையிலேயே வைத்தேன். அங்கேயும் எரியவில்லை. பேட்டரியில் கரண்ட் இல்லை என்று சொல்கிற டெஸ்டரை நம்பி ஒரு மனிதருடைய விசாவைப் புதைக்கப் பார்த்தேனே என்று எனக்கு ஒரே நேரத்தில் கோபமும் சிரிப்பும் வந்தது.

கிளிப்பைக் கழற்றி அதன் வாயைத் திறந்தேன். பல் தெரியவில்லை. உள்ளே முழுக்கச் சந்தனம் காய்ந்து கெட்டியாக அப்பியிருந்தது.

“கஸ்தூரி, இதுக்குள்ளயா வெச்ச?”

“உங்க கைய அது ரெண்டு தபா கடிச்சிதில்ல? இந்த வருசமாவது கடிக்காம இருக்கட்டும்னு வாய்க்குள்ளயும் கொஞ்சம் வெச்சேன்.”

பஷீர் பாய் சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து அப்போதுதான் அந்த முகத்தில் பல்லைப் பார்த்தேன். கிளிப்பைச் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மறுபடியும் பேட்டரியில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. என் வாழ்க்கையில் அந்த ஒரு பல்ப் எரிந்ததற்குச் சந்தோஷப்பட்ட மாதிரி வேறு எதற்கும் சந்தோஷப்பட்டேனா தெரியாது. ஒரு வண்டியைச் சோதிக்கும் முன் கையில் இருப்பதைச் சோதித்துவிடுங்கள். உயிர் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வேலையில் இறங்குங்கள். அவசரம் அதிகமாக ஆக, இதைக் கூடுதலாகச் செய்யுங்கள்.

அதற்குப் பிறகு வேலை தானாக நடந்தது. டேஷ்போர்டுக்குள் கையை விட்டதும் கிடைத்துவிட்டது. யாரோ மாட்டிய ஸ்டீரியோ. சாவி போட்டால் பாட வேண்டும் என்று, இன்ஜினுக்குப் போகிற ஒயரிலேயே முறுக்கி டேப் சுற்றிக் கரண்ட் எடுத்திருந்தார்கள். அதோடு சேர்த்து, கரண்ட் திரும்பிப் போகிற எர்த் ஒயரையும் ஒரே கட்டாகச் சுற்றியிருந்தார்கள். எர்த் ஒயர் சூடேறி உருகி, பக்கத்து ஒயரின் தோலையும் உருக்கி, இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்டீரியோவைப் பிடுங்கிய பிறகும் ஃபியூஸ் எரிந்ததற்கு இதுதான் காரணம். வெட்டிப் பிரித்து, ஸ்டீரியோவுக்குப் போன இணைப்பை அடியோடு எடுத்து, நல்ல டேப் சுற்றிப் புது ஃபியூஸ் போட்டேன். சேகர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது.

சேகர் கைகூப்பினார். பாய் கண்ணை மூடி வாய்க்குள் என்னவோ சொல்லிவிட்டு, கதவைத் திறந்து உட்கார்ந்தே விட்டார். பானெட்டை மூட வேண்டியதுதான் பாக்கி.

இந்த இடத்தில்தான் தம்பிகளே, அன்றைய தினத்தின் கஷ்டமான வேலை எனக்கு இருந்தது. இன்ஜின் ஓடுகிறது. ஆனால் எர்த் ஒயர் ஏன் உருகியது? ஒரு ஸ்டீரியோ தானாக எடுக்கிற கரண்டுக்கு அந்த ஒயர் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. எங்கிருந்தோ பெரிய கரண்ட் அதற்குள் புகுந்திருக்கிறது. எங்கிருந்து என்று எனக்குத் தெரியவில்லை. டிக்கியில் என்ன இருக்கிறது என்று சேகரிடம் கேட்டேன். ஆம்ப்ளிஃபயரும் ஊஃபரும் இருப்பதாகச் சொன்னார். டிக்கியைக் காலி பண்ணச் சொன்னேன்.

பஷீர் பாய் இறங்கி வந்து டிக்கி மூடி மேலே கையை வைத்துக்கொண்டார். உள்ளே கயிறு போட்டுக் கட்டிய இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள், பட்டையாக மார்க்கரில் பேர் எழுதியது, அதோடு ஒரு சூட்கேஸ். ஏற்ற எவ்வளவு நேரம் ஆனது என்று அவருக்குத் தெரியும்.

“ஸ்டார்ட் ஆயிடுச்சேண்ணே. பாட்டு வேணாம், ஒண்ணும் வேணாம். போயிடறோம்ணே.”

“வண்டி ஓடுது பாய். ஏன் எரிஞ்சிதுன்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியாத வண்டில உங்கள ஏத்தி அனுப்ப மாட்டேன்.”

அவர் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு பிடிவாதமாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்றவனுக்குத்தான் தெரியும். நேரமும் போய்க்கொண்டிருந்தது, பொய் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் நான் செய்வது சரிதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கஸ்தூரிதான் வந்து முதல் பெட்டியின் கயிற்றைப் பிடித்தாள். அப்புறம் பாயும் பிடித்தார். எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கினோம்.

கார்ப்பெட்டைத் தூக்கியதும் எல்லாம் விளங்கிவிட்டது. ஆம்ப்ளிஃபயர் எடுத்துக்கொள்கிற கரண்ட் திரும்பிப் போக, டிக்கித் தரையில் முடுக்கியிருக்கும் எர்த் போல்ட்தான் வழி. அந்த போல்ட் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. பெரிய வழி அடைபட்டதும், கரண்ட் பாட்டு போகிற மெல்லிய ஒயர் வழியாக முன்னால் ஓடி, ஸ்டீரியோவின் எர்த்தில் இறங்கியிருக்கிறது. புகை முன்னால் வந்தது, கோளாறு பின்னால் இருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. ஆம்ப்ளிஃபயருக்கு நேராகப் பேட்டரியிலிருந்து வருகிற பருத்த சிவப்பு ஒயர் ஜாக்கியின் விளிம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. மேலே இரண்டு பெட்டி, ஒரு சூட்கேஸ் பாரம். தோல் கிழிந்து செம்பு தெரிந்தது. பேட்டரிப் பக்கத்தில் இந்த ஒயருக்கென்று ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். ஓடிப்போய்ப் பார்த்தேன், இல்லவே இல்லை, நேராகக் கட்டியிருந்தார்கள். சாவியை எடுத்தாலும், ஸ்டீரியோவைப் பிடுங்கினாலும், இந்த ஒயரில் எப்போதும் உயிர் இருக்கும். வேகத்தடையில் ஒரு குதி குதித்திருந்தால் செம்பு இரும்பைத் தொட்டிருக்கும். தடுக்க ஒன்றுமே இல்லை. பெட்ரோல் டேங்க்குக்கு மேலே, அட்டைப்பெட்டிக்குக் கீழே.

நான் பஷீர் பாயைக் கூப்பிட்டு அந்தச் செம்பைக் காட்டினேன். அவர் ஏசி மெக்கானிக், விளக்கம் தேவைப்படவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சேகருக்கு முகம் வெளுத்துவிட்டது. நேற்று சாயங்காலம் வாட்டர் சர்வீஸுக்கு விட்டபோது டிக்கியில் இருந்ததை எல்லாம் கழற்றி வெளியே எடுத்ததாகச் சொன்னார். இன்று காலையில் பூஜை முடிந்ததும் திரும்ப மாட்டியிருக்கிறார். போல்ட்டை ஏன் முடுக்கவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“ஸ்பேனர் பூஜைல இருந்துதுண்ணே. எடுக்கக்கூடாதேன்னு கையால முடுக்கிட்டேன். நாளைக்கி டைட்டு வெச்சிக்கலாம்னு இருந்தேன்.”

நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்ட முடியவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் நானும் அதே மாதிரி ஒரு பலகை முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் கஸ்தூரி இருந்தாள், அவரிடம் யாரும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். முறையை விடச் சொல்லி நான் உங்களிடம் சொல்லமாட்டேன். பலகையில் ஆயுதம் ஓய்வெடுக்கிறது என்றால் வண்டியும் வீட்டில் ஓய்வெடுக்கட்டும். டூல்ஸைப் பூஜையில் வைத்துவிட்டு வண்டியை மட்டும் ரோட்டுக்கு எடுத்தால் சாமிக்கே அது பிடிக்காது.

சிவப்பு ஒயரைப் பேட்டரியிலிருந்தே கழற்றி, முனையில் டேப் சுற்றிக் கட்டினேன். இனி அந்த வண்டியில் பாட்டு சம்பந்தப்பட்ட எதற்கும் உயிர் இல்லை. ஆம்ப்ளிஃபயரையும் ஊஃபரையும் கடையிலேயே வைத்துக்கொண்டேன், டிக்கியில் இடமும் கூடியது. கார் அடுத்த மூன்று மணி நேரத்துக்குச் செய்ய வேண்டியது ஓடுவது ஒன்றுதான். மீதி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெட்டிகளை ஏற்றும்போது பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வந்தார். நேரம் இல்லை, உட்காருங்கள் என்று கதவைச் சாத்தினேன். வாழைக்கன்று ஆட, சத்தமே இல்லாமல் அந்தக் கார் சென்னை ரோட்டில் ஏறியது.

வெகு நேரம் கழித்து மணி வந்து சேர்ந்தான். ஆள் போய்விட்டார் என்று சொன்னபோது கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். நெரிசலில் வெந்து வந்தவன், நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்றுதான் கேட்டான். சுண்டலை மூன்று பேரும் தின்றோம். யாருக்கும் ருசி தெரியவில்லை. ஒவ்வொருவரும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். செங்கல்பட்டைத் தாண்டிவிட்டதாகச் சேகர் ஒரு தடவை சொன்னார். அப்புறம் தாம்பரத்தில் நெரிசல் என்றார். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. மணி கிளம்பிப் போய்விட்டான். நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. விளக்கு வைக்கும் நேரமும் வந்துவிட்டது. என்ன ஆனதோ என்று கஸ்தூரி கேட்கும்போதெல்லாம் அதட்டினேன், நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் வந்தது. தெரியாத நம்பர். எடுத்ததும் பின்னால் ஒரு பெண் இங்கிலீஷில் என்னவோ அறிவித்துக்கொண்டிருந்தது கேட்டது. அதற்கு மேலே பஷீர் பாய் குரல், மெதுவாக, யாருக்கோ தெரியாமல் பேசுகிற மாதிரி.

“அண்ணே, உள்ள உக்காந்துட்டேன். கதவ சாத்திட்டாங்க. போன ஆஃப் பண்ண சொல்லிக்கினு இருக்காங்க.”

வீட்டுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். வழியில் வண்டி நின்ற விஷயமே அம்மாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம், படுத்திருக்கிற மனுஷி என்றார். உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றார். நான் பதில் சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது.

கஸ்தூரி ஷட்டரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிளேன் கதவைச் சாத்திவிட்டார்களாம், பாய் உள்ளேதான் இருக்கிறாராம் என்று சொன்னேன். அவள் அப்பாடா என்று சொல்லிக் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாங்கள் இரண்டு பேரும் அழுதோம் என்றால் நம்புவீர்களோ இல்லையோ, அழுதோம்.